வாய்க்கு ஆகும் பொம்மைகள்: பழந்துணியிலும் சிரட்டையிலும் குழந்தைக்காகச் செய்தவை

குழந்தைக்கென்று வீட்டில் எதைச் செய்தாலும் அது முதலில் போய்ச் சேரும் இடம் குழந்தையின் வாய்தான். கைநீட்டிப் பிடிக்கத் தெரியும் நான்காம் மாத வாக்கில் தொடங்கி, இரண்டு வயதை நெருங்கும் வரையிலும், கைக்கு எட்டிய எந்தப் பொருளையும் குழந்தை கண்ணால் பார்த்து முடிப்பதற்குள் நாக்கால் பார்த்துவிடுகிறது. அந்த வயதுக்குரிய கல்வி அது. அதைத் தடுக்கவும் கூடாது. ஆகவே எந்தத் துணியை எடுப்பது, எந்தச் சாயம் ஆகும், எந்தத் தையல் போடுவது, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்ற கேள்விகள் எல்லாவற்றையும் அந்த வாயிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதுதான், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் விளையாட்டுப் பொருள்கள் செய்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் மாமியார். பிள்ளைகள் ஆச்சி என்றும் நான் அத்தை என்றும் அழைக்கும் அவர் இளமையில் தையல் பழகியவர். பழைய பருத்திச் சேலையின் ஒரு கிழிசலைக்கூட வீணாக்காதவர். மூத்தவளுக்குப் பரிசாக வந்த பஞ்சுக் கரடி ஒன்றின் கண், அவள் ஒரு பிற்பகல் முழுவதும் சப்பியதில் ஒட்டு விட்டு ஆடத் தொடங்கியிருந்தது. அத்தை அதை நகத்தால் பெயர்த்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "பிள்ளைக்கு ஒரு சாமான் குடுக்கும்போது அது பார்க்க எப்படி இருக்குன்னு பாக்காதம்மா, வாயில போட்டா என்ன ஆகும்னு பாரு" என்றார். கரடியின் கண் ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அதன்பின் குழந்தைகளுக்கான பொருள்களில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்துகொள்ளத் தொடங்கினோம்.

விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற ஆணை நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் செய்யும் பொருளுக்கு முத்திரை தருவோர் யாரும் இல்லாததால், ஆய்வுக்கூடங்களில் நடக்கும் சோதனைகளுள் வீட்டில் இயன்றவற்றை நாமே செய்துவிட வேண்டும். சிறு பாகங்களைச் சோதிக்க அங்கே 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் பாகமோ அழுத்தாமலே அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது என்று பொருள். நான் சற்றுத் தாராளமாக இருக்கட்டும் என்று கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டி, உள்விட்டம் 4 செ.மீ. வருமாறு ஒட்டி, தையல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் நாணயம் அதற்குள் எளிதாக விழுந்துவிடும். எதெல்லாம் அப்படி விழுகிறதோ அது எங்கள் வீட்டில் குழந்தையின் பக்கம் போகாது. கயிறு, நாடா, நூல் ஆகியவற்றுக்கு இன்னும் எளிய அளவு உண்டு: தொங்கும் எதுவும் ஒரு சாணுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும், ஏனெனில் அதற்கு மேற்பட்ட நீளம் கழுத்தைச் சுற்றி வந்துவிடும். காது, வால், கைப்பிடி போன்று தைத்துச் சேர்த்த பாகங்களை என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பேன். பொத்தான், மணி, சமிக்கி, பாசி இவற்றைக் குழந்தைப் பொருளில் சேர்ப்பதே இல்லை. கண்ணும் மூக்கும் வேண்டுமென்றால் நூலாலேயே தைத்துவிடலாம். குழந்தைக்கு அதில் எந்தக் குறையும் தெரியப்போவதில்லை.

இனி துணி. வீட்டில் கிடக்கும் பழைய பருத்தித் துணியைவிட நல்ல மூலப்பொருள் கைக்குழந்தைக்குக் கிடையாது. பல நூறு முறை துவைத்ததில் அதன் கஞ்சியும் பசையும் போய், இழை மென்மையாகியிருக்கும். வெளியேற வேண்டிய சாயமும் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். ஆனால் பழையது என்பதனாலேயே எல்லாத் துணியும் ஆகிவிடாது. இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே துணியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இழை விலகிச் சல்லடைபோல் தெரிந்தால், அது போர்த்தவும் துடைக்கவும் ஆகுமே தவிர, பஞ்சு அடைக்க ஆகாது. அடைத்த பஞ்சு அந்தச் சல்லடையின் வழியே நாளடைவில் வெளிவரும், வந்தது வாய்க்குள் போகும். பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிப் பெரியவர்கள் யாராவது தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி நூல் காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான சிறு மணியாக நுனியில் நிற்கும்.

சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வெந்நீரில் நனைத்த வெள்ளை வேட்டித் துண்டால் நன்றாகத் தேய்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி சின்னவனுக்கு இல்லை, மூத்தவளின் பைக்கோ கைப்பிடித் துணிக்கோ போகும். கைத்தறிச் சேலைகளிலும் சுங்குடியிலும் அடர்ந்த சிவப்பும் கருநீலமும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சாயம் விடுவதுண்டு என்பதால், அந்த இரண்டு நிறங்களை மட்டும் நான் தவறாமல் சோதித்துப் பார்க்கிறேன். ஜரிகை அறவே வேண்டாம். அதன் மெல்லிய உலோக இழை ஓரங்களில் பிரிந்து ஈறையும் கன்னத்தையும் கீறும்.

குழந்தைத் துணிகளில் அதிகம் பேசப்படாத ஆபத்து, உள்பக்கத்து நூல். கையுறை, காலுறை, தொப்பி ஆகியவற்றை வீட்டில் தைக்கும்போது வெளித்தோற்றத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே விட்டுப்போன ஒரு நீள நூலோ தலைமுடியோ பிஞ்சு விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும்படி குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தைத்த ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி, நூல் நுனிகளை ஒட்ட நறுக்கி, உள்தையலின் மேல் இன்னொரு துணிப்பட்டை வைத்து மூடிய பிறகுதான் அது முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தைக்குப் பிடித்து விளையாடப் பொருள் தேவையில்லை, பார்க்கத்தான் வேண்டும். முதல் வாரங்களில் ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தொலைவில் உள்ளதுதான் அதற்கு ஓரளவு தெளிவாகத் தெரியும். அது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள இடைவெளி. வண்ண வேறுபாடுகள் மெல்லத்தான் பிடிபடும். கறுப்பும் வெள்ளையும் அருகருகே வரும் தடித்த கோடுகளே அதன் பார்வையை நிறுத்துகின்றன. இதற்கென்று விற்கும் அட்டைகளைப் பார்த்தபோது எனக்கு வாசல் கோலம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு முழச் சதுரத்தில் கறுப்புப் பருத்தித் துணியை எடுத்து, அதன்மேல் ஒரு விரல் அகலமுள்ள வெள்ளை நாடாவை மூன்று புள்ளிச் சிக்குக் கோலமாக வளைத்துத் தைத்தேன். நாடாவின் இரண்டு விளிம்புகளிலும் தையல் ஓட வேண்டும். ஒரு விளிம்பில் மட்டும் தைத்தால் மறுவிளிம்பு எழும்பி, விரல் நுழையும் வளையமாகிவிடும். புள்ளிகள் அதிகமானால் கோடுகள் நெருங்கிவிடுகின்றன, பச்சைக் குழந்தையின் கண்ணுக்கு அது சாம்பல் நிறக் கலங்கலாகத்தான் தெரியும்; ஆகவே இங்கே எளிய கோலமே சிறந்த கோலம். சின்னவனைக் குப்புறப் போட்டு, அவன் முகத்துக்கு எதிரே இதை விரித்து வைத்தால், தலையை நிமிர்த்திப் பார்க்க அவனே முயன்றான். கழுத்துக்கு வலுவூட்ட வேண்டிய அந்த வயதில் அதுவே நல்ல பயிற்சி. துணி என்பதால் துவைக்கலாம். பிறகு அதையே மடித்துத் துணிப் புத்தகத்தின் முதல் பக்கமாக்கிக்கொண்டோம்.

நான் செய்தவற்றுள் மிகுந்த உழைப்பை வாங்கியதும், அந்த உழைப்புக்கு மிகவும் தகுதியானதும் சுளைப் பந்துதான். சாதாரணத் துணிப்பந்து ஐந்து மாதக் குழந்தையின் கையில் நிற்காது, உருண்டு போய்விடும்; போன பின் எடுத்துத் தர ஆள் வேண்டும். சுளைப் பந்தில் பன்னிரண்டு சுளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் விரல் போகும் பள்ளங்களை விட்டு நிற்கின்றன. எந்தப் பக்கம் கை வைத்தாலும் பிடி கிடைக்கும். உருட்டினாலும் இரண்டு சாண் தூரம் தத்தி நின்றுவிடும். தவழத் தயாராகும் குழந்தைக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் தூரம் அது.

ஒரு சுளைக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். முதலாவது, 7 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம், இரண்டாவது, இரண்டு முனைகளிலும் கூர்ந்து நடுவில் அகன்ற புன்னை இலை வடிவம். அந்த இலையின் ஒவ்வொரு பக்க விளிம்பும் வளைவோடு அளந்தால் 11 செ.மீ. இருக்க வேண்டும், ஏனெனில் அரைவட்டத்தை இரண்டாக மடித்தால் கிடைக்கும் கால்வட்டத்தின் வளைவு அவ்வளவுதான். இந்த இரண்டு அளவுகளும் பொருந்தாவிட்டால் துணி ஓரிடத்தில் சுருங்கும், இன்னோரிடத்தில் பிதுங்கும். தையலுக்கென்று எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். அரைவட்டத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து நேர்விளிம்பைத் தைத்துவிட்டால் ஒரு கூம்பு கிடைக்கும். அதன் திறந்த வாயில் இலையைப் பொருத்தி, ஒரு பக்க விளிம்பு முழுவதையும் மறுபக்கத்தில் முக்கால் பங்கையும் பின் தையலால் தைத்து, மீதியுள்ள வழியாக வெளிப்பக்கம் திருப்பி உள்ளே துணித் துண்டுகளை அடைக்கலாம். ஓடு தையல் இதற்குப் போதாது. ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே பிரியும். பின் தையலில் ஓர் இழை போனாலும் அடுத்தது தாங்கும். அடைத்த வாயை மூடும்போது நூலை இரட்டையாகக் கோத்து, நெருக்கமாகத் தைப்பது நல்லது. கழுவும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான்.

பன்னிரண்டும் ஆனபின், நான்கு சுளைகளை முனையோடு முனை சேர்த்து ஒரு வளையமாக்க வேண்டும். அப்படி மூன்று வளையங்கள் வரும். ஒன்றைத் தரையில் படுக்க வைத்தும், மற்ற இரண்டை அதன் குறுக்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தியும் கோத்தால் பந்து உருவாகிவிடும். சுளைகளின் கூர்முனைகள் நான்கு நான்காகச் சந்திக்கும் இடங்கள் ஆறு. அந்த ஆறையும் கெட்டியாகத் தைத்துவிட்டால் வளையங்கள் நழுவா. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு துணி என்று நான் எடுத்துக்கொண்டேன்: தாத்தாவின் நீலக் கட்டம் போட்ட சாரம் (லுங்கி), அத்தையின் மஞ்சள் பருத்திச் சேலை, என்னுடைய பழைய சுங்குடி. பார்ப்பதற்கு மட்டுமல்லாமல், விரலுக்கும் மூன்றும் வெவ்வேறாக இருக்கின்றன. சாரத்தின் நெசவு சற்றே சொரசொரப்பாகவும், சேலை வழவழப்பாகவும், சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடங்கள் இலேசாகப் புடைத்தும் இருக்கும். ஆறாம் மாதத்தில் சின்னவன் பந்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, எப்போதும் சாரத்துணியின் பக்கத்தையே தேடி வாயில் வைத்தான். ஈறு ஊறும் காலத்தில் அந்தச் சொரசொரப்பு அவனுக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளே அடைப்பதற்கு, போடிநாயக்கனூர் வட்டாரத்திலிருந்து வரும் இலவம் பஞ்சைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். தலையணைக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் வாரந்தோறும் துவைக்க வேண்டிய குழந்தைப் பொருளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நனைந்தால் கட்டி கட்டியாகும், உள்ளே உலர நாள் பிடிக்கும், உலராத பஞ்சில் பூஞ்சை வரும். மேலும் அதன் இழை மிக நுண்ணியது, சிறு இடைவெளி கிடைத்தாலும் பறந்து மூக்கில் ஏறும். பழைய பருத்தித் துணியையே விரல்நுனி அளவு துண்டுகளாக நறுக்கி அடைப்பதுதான் எங்கள் வழக்கம். சற்றுக் கனக்கும், ஆனாலும் துவைத்து ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்.

ஒலி எழுப்பும் பொருள்களில் தான் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் பனங்குருத்தோலையில் முடைந்த கிலுகிலுப்பை கிடைக்கும். உள்ளே சிறு கற்களோ விதைகளோ இருக்கும். கைவேலைப்பாட்டில் அதற்கு ஈடு சொல்ல முடியாது, பெரியவர்கள் கையில் வைத்து ஆட்டிக் காட்ட மிக நல்லது. குழந்தையின் கையில் கொடுத்தால் எச்சிலில் ஓலை ஊறித் தளர்ந்து, கல் வெளியே வந்துவிடும். வீட்டில் செய்வோர், பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை உள்ளே போடுவதுண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். குன்றிமணியின் கடினமான தோல் உடைந்தால் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பிள்ளையாருக்குக் கண் வைக்கக் கொண்டுவந்த குன்றிமணி மிச்சமிருந்தால், அதைத் தவழும் குழந்தை உள்ள வீட்டில் வைத்திருக்கவே கூடாது. புளியங்கொட்டையும் மஞ்சாடியும் குன்றிமணி அளவுக்கு நஞ்சு அல்ல என்றாலும், தொண்டையை அடைக்க அவை போதும்.

ஆகவே ஒலிக்கு நாங்கள் சிரட்டையைத் தேர்ந்தோம். தேங்காயை உடைத்ததும் கண் இல்லாத பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கண் உள்ள பாதியில் துளை விழும், துளைக்குள் குழந்தையின் விரல் சிக்கும். வெளிநாரை அரிவாளால் செதுக்கி, முதலில் கரடுமுரடான உப்புத்தாளாலும் பிறகு மிக நயமான உப்புத்தாளாலும் தேய்த்தால், அடியில் மறைந்திருக்கும் கரும்பழுப்புப் பளபளப்பு வெளிவரும். விளிம்புதான் முக்கியம். உள்பக்கமும் வெளிப்பக்கமும் உருளையாகும் வரை தேய்த்து, பழைய நைலான் சேலை ஒன்றை அதன்மேல் இழுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது இழை மாட்டினால் அங்கே இன்னும் சிராய் இருக்கிறது. வார்னிஷ் வேண்டாம், இரண்டு மூன்று தடவை தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டால் போதும். இந்த வேலை முழுவதையும் எங்கள் வீட்டில் மாமா தாமே ஏற்றுக்கொண்டார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து தேய்ப்பார். மூத்தவள் கையில் ஒரு துண்டு உப்புத்தாள் கொடுத்து, தமக்கு எதிரே அமர்த்திக்கொள்வார். தேய்க்கும்போது பறக்கும் தூசு காரணமாகக் கைக்குழந்தையை மட்டும் அந்தப் பக்கம் அழைத்துச் செல்வதில்லை.

பிள்ளைத்தமிழில் குழந்தை கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கு வைத்தார்கள். அதற்கு முந்தைய செங்கீரையை, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலைநிமிர்த்தும் ஐந்தாம் மாதத்துக்கு வைத்தார்கள். குழந்தையைப் பார்த்துப் பார்த்து எழுதிய கணக்கு அது என்பது இரண்டு சிரட்டைகளை அந்த வயதில் கையில் கொடுத்துப் பார்த்தால் விளங்கும். எட்டாம் மாதம் வரை ஒரு சிரட்டையை மட்டும் வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தவன், இரண்டையும் ஒன்றோடொன்று மோதினால் ஒலி வரும் என்பதை ஒன்பதாம் மாதம்தான் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் மதியத் தூக்கம் இல்லை, அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. சிரட்டையோடு ஒரு மரக்கரண்டி, கெட்டியாக முறுக்கிய ஈரிழைத் துண்டு, எவர்சில்வர் டம்ளர், அம்பாசமுத்திரத்தில் வாங்கிய கடைசல் சொப்புகளில் என் அட்டைக் குழலுக்குள் விழாத பெரிய பானை ஒன்று ஆகியவற்றை ஒரு நார்ப்பெட்டியில் போட்டு, உட்காரத் தெரிந்த குழந்தையின் முன் வைத்துவிட்டால், அவன் எடுப்பதும் போடுவதுமாக நெடுநேரம் தன்னை மறந்திருப்பான். நார்ப்பெட்டியின் விளிம்பில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் துணியை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்ய ஏற்றது துணிப் புத்தகம். ஒவ்வொருவரிடமும் அவரவர் உடுத்திய ஒரு துணியைக் கேட்டு வாங்கினோம். தாத்தாவின் எட்டு முழ வேட்டி, ஆச்சியின் கண்டாங்கி, அம்மா வழிப் பாட்டியின் ‘வாயில்’ எனும் மெல்லிய பருத்திச் சேலை, சித்தப்பாவின் பள்ளிக்கூடச் சட்டை, மூத்தவளின் பாவாடை என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம். பக்கத்துக்கு இரு சாண் நீளம், ஒரு சாண் அகலம் எடுத்து, இரண்டாக மடித்து, நடுவில் பழைய துண்டை உள்ளடக்கமாக வைத்துத் தைத்தால் சாண் சதுரத்தில் தடித்த பக்கம் கிடைக்கும். ஏழெட்டு மாதக் குழந்தையின் மொத்தமான விரல்களால் தடித்த பக்கத்தைத்தான் புரட்ட முடியும். ஒவ்வொரு பக்கத்திலும் மூத்தவள் பென்சிலால் வரைந்தாள், நான் அந்தக் கோட்டின்மேல் நூலை ஓட்டினேன். தாத்தாவின் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி, ஆச்சியின் பக்கத்தில் ஊசி, சித்தப்பாவின் பக்கத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள். ஊசிக்கு அவள் போட்ட கண் ஊசியைவிடப் பெரிதாக இருந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே தைத்தேன். பிள்ளையின் கோட்டைப் பெரியவர்கள் நேராக்கினால், அடுத்த முறை அவள் பென்சிலைத் தொட மாட்டாள்.

மறைந்த பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்பது எட்டு ஒன்பது மாத அளவில் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது. அதற்காக ஒரு பக்கத்தில் சேலை முந்தானைத் துண்டை மேல்விளிம்பில் மட்டும் தைத்து, திறந்து மூடும் திரையாக்கினோம்; உள்ளே ஒரு குழந்தை முகம். "காணோம், காணோம், இந்தா இருக்கு" என்று ஆச்சி சொல்லச் சொல்ல அவனே திரையைத் தூக்கினான். புத்தகத்தின் முதுகில் பக்கங்களைச் சேர்க்கும்போது கயிறு கோக்காமல், அகலமான துணிப்பட்டையை வைத்து இயந்திரத்தில் இருமுறை தைத்துவிட வேண்டும். இறந்துபோன பெரியவர்களின் துணியும் பெட்டியில் இருந்தால், தயங்காமல் அதில் ஒரு பக்கம் செய்யலாம் என்பது என் கருத்து. பெட்டிக்குள் கிடந்து பூச்சி அரிப்பதைவிட, அவர்கள் காணாத பேரப்பிள்ளையின் கையில் அது இருப்பது எவ்வளவோ மேல்.

இத்தனை செய்தாலும், செய்த எதையும் குழந்தை தூங்கும் இடத்தில் வைப்பதில்லை. ஒரு வயது நிறையும் வரை தூங்கும் இடத்தில் பொம்மை, தலையணை, தடித்த போர்வை எதுவும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், முகத்தின்மேல் விழுந்த துணியை விலக்க அந்த வயதில் குழந்தைக்குத் தெரியாது என்பதே. தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை தைத்துக் கொடுக்க அன்போடு முன்வரும் உறவினர்களுக்கு, இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களைப் பார்க்க வந்த ஒரு பெரியம்மாவிடம் அத்தையே, "மதினி, அந்தத் துணியைப் பந்தா தைச்சுக் குடுங்க, பிள்ள விளையாடட்டும்" என்று சொல்லித் திருப்பிவிட்டார். சேலைத் தூளி கட்டியிருந்தால் அதற்குள் எதையும் தொங்கவிடக் கூடாது. குழந்தை அதில் இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் அதில் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றும்போது கழுத்து மாட்டிக்கொள்ளும் விபத்துகள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன.

வண்ண விளையாட்டுக்குக் கடையில் விற்கும் சாயம் தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்குப் பின், குழந்தை ஏற்கெனவே உண்டு பழகிய பொருள்களாக இருந்தால், கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த அரிசிமாவுக் கஞ்சியில் ஒரு கிண்ணத்துக்கு மஞ்சள், இன்னொன்றுக்குப் பீட்ரூட் சாறு, மூன்றாவதற்கு அரைத்து வடிகட்டிய கீரைச் சாறு சேர்த்துக் கொடுத்துவிடலாம். தரையில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் அதுவே தாள். அன்றைக்குச் செய்ததை அன்றே முடித்துவிட வேண்டும், கஞ்சி புளித்துவிடும். மஞ்சள் கை பதிந்த இடத்தில் சோப்பு நீர் பட்டால் அது சிவப்பாக மாறும். மூத்தவளுக்கு அதைச் செய்து காட்டியபோது, வீட்டில் இருந்த எல்லா மஞ்சள் கறைகளையும் அவள் சோதித்துப் பார்த்தாள். இந்த நிறங்கள் நிலைக்கா, வெயிலில் மஞ்சள் விரைவில் வெளுத்துவிடும். குழந்தையின் கைப்பதிவை வைத்துக்கொள்ள விரும்பினால், நிறம் காய்ந்த உடனே விளிம்பைச் சுற்றி நூலால் தைத்துவிட வேண்டும். பிறகு துவைத்து நிறம் முழுவதும் போனாலும் கை அப்படியே இருக்கும். மூத்தவளுக்கு மைதாவும் உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கிளறிய உருட்டுமாவு தனியாகச் செய்து கொடுத்தோம். அதில் உப்பு மிக அதிகம் என்பதால் சின்னவன் தூங்கும் நேரத்தில் மட்டுமே அது வெளியே வரும்.

செய்தவை பெருகியபின் அவற்றைப் போட்டு வைக்க ஒரு கூடை வேண்டியிருந்தது. காகிதக் கூழில் கூடை செய்யும் வழக்கம் அத்தையின் பிறந்த வீட்டில் உண்டு. பழைய செய்தித்தாளைக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயம் இரண்டு கைப்பிடியோடு சேர்த்து ஆட்டுரலில் வெண்ணெயாக ஆட்ட வேண்டும். வெந்தயத்தின் பசை கூழைப் பிணைக்கும், அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். கவிழ்த்த வாளியின்மேல் ஈரத்துணியை விரித்து, கூழை ஒரு விரற்கடை கனத்தில் அப்பி, உள்ளங்கையை நனைத்து நனைத்துத் தட்டிச் சமன் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்கவே கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் நான்கைந்து நாளில் கல்லாகக் காய்ந்துவிடும். காய்ந்ததும் வாளியை உருவிவிட்டு, உள்ளும் புறமும் பழைய சேலைத் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டிவிடுவது மிகவும் தேவை. செய்தித்தாளின் அச்சுமை குழந்தையின் வாய்க்கு ஆகாது, கூடையின் விளிம்பையும் அவன் கடித்துப் பார்க்கத்தான் போகிறான். மூடி மட்டும் செய்ய வேண்டாம். மூடி இருந்தால் விரல் நசுங்கும். இல்லாவிட்டால் என்ன இருக்கிறது என்று குழந்தை தானே எட்டிப் பார்த்து, வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.